நாங்கள் பங்கு வைத்த வேலைகள்

அரசாங்கம் எங்களை எல்லாம் எண்ணி வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தபோது, எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிந்து முடிவு வராமல் இருந்தது. பள்ளிக்கூடம் பூட்டியிருந்தாலும், நூலக அலமாரிகளைத் தூசி தட்ட எங்களில் சிலரைத் தலைமையாசிரியை வரச்சொல்லியிருந்தார். பழைய பத்திரிகைக் கட்டுக்கு அடியில் மெல்லிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடந்தது. படமும் இல்லை, கதையும் இல்லை. பக்கம் பக்கமாக அட்டவணை. நம் மாநிலத்தில் எந்த வேலையில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், இன்னும் பல வருஷம் கழித்து எத்தனை பேர் வேண்டியிருக்கும் என்று வேலை வேலையாக எழுதியிருந்தார்கள். ஆசிரியர், நர்ஸ், டைப்பிஸ்ட், ஓவர்சியர், கம்பவுண்டர், பஸ் டிரைவர். தச்சர்கூட இருந்தது.

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய்க் கடைசி வகுப்பு வரை வந்தவள் நான்தான். என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் வரும். அந்தப் புத்தகம் எனக்காகவே அங்கே கிடந்ததாக நினைத்தேன். முக்கியமான பக்கத்தைக் கோடு போட்ட நோட்டில் நீல மையால் எழுதிக்கொண்டேன். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. நோட்டில் இடம் போதவில்லை. அதை விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து படித்துக் காட்டினேன். தச்சர் வரி வந்ததும் அப்பா உளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நம்மளையும் எண்ணிருக்காகளா?"

ஆமாம் என்றேன். கூடுமா குறையுமா என்று அவர் கேட்கவே இல்லை. எண்ணியிருக்கிறார்கள் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. அன்று சாயங்காலம் டீக்கடையில் அதைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்து தங்கள் பிள்ளைகளுக்கு அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஜாதகக்காரரிடம் கேட்பதுபோல் கேட்டார்கள். நானும் அவரைப்போலவே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்.

எங்கள் தெருவின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு தச்சுக் குடும்பத்துக்கும் சில பெரிய வீடுகள் முறை. அந்த வீட்டில் கதவு இறங்கினாலும் உத்திரம் விரிசல் விட்டாலும் அந்தக் குடும்பம்தான் போகும். மற்றவர்கள் பட்டினி கிடந்தாலும் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். என் அப்பாவுக்கும் அத்தையின் வீட்டுக்காரரான மாமாவுக்கும் இடையில்கூட வீடுகள் அப்படித்தான் பிரிந்திருந்தன. ஒரே வேலைக்கு இரண்டு பேர் போனால் இரண்டு பேருக்கும் கூலி இறங்கும், உறவும் கெடும் என்பார்கள்.

அந்தப் புத்திதான் அட்டவணைக்கும் வந்தது. மூன்று குடும்பத்துப் பெரியவர்கள் எங்கள் பட்டறையில் உட்கார்ந்து, அரசாங்கத்தின் வேலைகளை எங்கள் பெண்களுக்குள் பங்கு வைத்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வரி. ஒருவர் வரியில் மற்றவர் நுழையக் கூடாது. இன்று சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. நான் நடுவில் நோட்டை வைத்துக்கொண்டு வாசித்தேன். எதற்கு அதிகம் பேர் வேண்டியிருக்கும் என்று மாமா கேட்டார். ஆசிரியர் என்றேன். எனக்கு ஆசிரியர் என்று அப்பா சொல்லிவிட்டார். அடுத்தது நர்ஸ். அது அத்தை மகளுக்குப் போனது. டைப்பிஸ்ட் மூன்றாவது வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு.

அத்தை மகள் என்னைவிட ஒரு வயது சின்னவள். எனக்கு அடுத்து தெருவில் ஹைஸ்கூலுக்குப் போனவள் அவள்தான். மரத்தூள் பரவிய தரையில் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கும் டீச்சர்தான் மதினி ஆச. ரெண்டு பேரு போனா என்ன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நோட்டைப் படிக்கத் தெரிந்தவள் நான்தானே. ஆசிரியர் வரியில் இருந்த எண்ணைப் பார்த்தேன். எங்கள் தெருவே கிளம்பிப் போனாலும் அதில் ஒரு துளி தெரியாது. இரண்டு பேருக்கு அல்ல, இரண்டாயிரம் பேருக்கும் இடம் இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் தெருவில் டீச்சர் என்று ஒருத்திதான் இருக்க வேண்டும், அது நானாக இருக்க வேண்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று பிடிவாதம் பிடித்தது.

"முறைன்னா முறைதானே" என்றேன்.

அத்தை அழுதாள். கண்டவர் உடம்பைத் தொட்டுத் துடைக்கிற வேலைக்கா என் பிள்ளையை வளர்த்தேன் என்றாள். நான் நோட்டைக் காட்டி, நர்ஸ் வேலைக்கு வரப்போகும் மதிப்பைப் பற்றி நீளமாகப் பேசினேன். பேசப் பேச எனக்கே அது உண்மையாகிவிட்டது. அத்தை மகள் அடுத்த வருஷம் மதுரைக்கு நர்ஸ் பயிற்சிக்குப் போனாள். நான் அதற்கு முன்பே ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன்.

பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி, மதுரைப் பஸ் ஏறி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. கஞ்சி போட்ட புதுப் புடவை கட்டியிருந்தேன். ஒரு மாதத்தில் உத்தரவு வரும், எந்த ஊர் என்று மட்டும்தான் தெரியாது என்ற நினைப்பு. அங்கே போனால் வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை வரிசை நின்றது. எனக்கு முன்னால் நின்ற பெண் சிவகங்கைப் பக்கம். அவளும் ஆசிரியர் பயிற்சி. அவளுக்கு முன்னால் நின்றவளும் அதுதான். ஜன்னலுக்கு உள்ளே இருந்த குமாஸ்தா என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம், "இன்னொரு டீச்சரம்மா" என்றார். கேலி இல்லை, களைப்புத்தான். நர்ஸாக இருந்தால் இப்போதே அனுப்பியிருப்பேன், டீச்சர் என்றால் வரிசையில்தான் வர வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

அன்று ஆரம்பித்தது இந்தக் காத்திருப்பு. எந்த வேலையைக் கையில் எடுத்தாலும் காது வாசலில் இருக்கும். தபால்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவேன். எழுந்ததை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தண்ணீர்ப் பானைப் பக்கம் போவேன். அவர் தாண்டிப் போனதும் குடிக்காத தண்ணீரைத் திரும்ப ஊற்றுவேன். பதிவு அட்டையைப் புதுப்பிக்கத் தவணை தவறாமல் போய் வந்தேன். திருப்பத்தூரில் பஸ் நிற்கும்போதெல்லாம் ஜன்னல் வழியே யாராவது கை நீட்டி, "வேலை கிடைச்சிருச்சா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருமுறை வலையபட்டியில் ஒரு டீச்சர் பிரசவ லீவில் போனதால் மூன்று மாதம் வேலை கிடைத்தது. அந்த மூன்று மாதமும் நான் வேகமாக நடந்தேன், வேகமாகப் பேசினேன், கரும்பலகையில் வேகமாக எழுதினேன். பிள்ளைகள் மெதுவாக எழுதச் சொல்லிக் கெஞ்சினார்கள். லீவு முடிந்து அந்த அம்மா வந்ததும் மறுபடி வீடு.

அத்தை மகளுக்குப் பயிற்சி முடித்த கையோடு சர்க்கார் ஆஸ்பத்திரியில் வேலை வந்துவிட்டது. அழுத அத்தை இப்போது, "எம்மக டூட்டிக்குப் போயிருக்கா" என்று கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

அட்டவணை பொய் சொல்லியிருக்கிறது என்று எனக்கு ஆத்திரம். ஒருநாள் பொறுக்காமல் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியையிடம் அனுமதி கேட்டு அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். எண்களை நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். இடம் போதவில்லை என்று நான் விட்ட பொடி எழுத்தை அப்போதுதான் படித்தேன். இவை எத்தனை பேர் தேவை என்பதற்கான மதிப்பீடு மட்டுமே, எத்தனை பேர் அந்த வேலைக்குப் படித்து வெளியே வருவார்கள் என்பது இதில் சேரவில்லை என்று இருந்தது. நான் பெருமையோடு ஆசிரியர் வரியில் விரல் வைத்த அதே வருஷம், மாநிலம் முழுக்க எத்தனை பெண்கள் அதே வரியில் விரல் வைத்திருப்பார்கள். அவர்களுக்குள் பங்கு வைக்க எந்தப் பட்டறையிலும் யாரும் உட்காரவில்லை.

ஆனால் என்னைக் குடைந்தது அது மட்டுமில்லை. பொடி எழுத்தை விட்டது கவனக்குறைவு. அத்தை மகள் கேட்டபோது வாயை மூடிக்கொண்டது கவனக்குறைவு இல்லை.

அந்த வருஷம் மாசி மாதம் அவள் லீவில் வந்தாள். ஊசி போட்டுக்கொள்ளவும் மாத்திரை கேட்கவும் காலையிலிருந்து பெண்கள் அவள் வீட்டில் நின்றார்கள். கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து, கொல்லைப்பக்கம் கிணற்றடியில் அவள் கை கழுவும்போது போய் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. அது இன்னும் சுட்டது. நானே ஆரம்பித்தேன். அன்றைக்கு நோட்டில் இரண்டு பேருக்கும் இடம் இருந்தது, தெரிந்தேதான் சொல்லாமல் விட்டேன் என்றேன்.

அவள் சோப்பைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"தெரியும் மதினி. எனக்கும் இங்கிலீஷு நம்பரு படிக்கத் தெரியும்ல. நீங்க வாயத் தொறக்குறீகளான்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

நர்ஸ் வேலை பிடிக்கிறதா என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் அதை யாருமே கேட்டதில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

"பிடிக்குது. அதான் எனக்குக் கோவமே. பிடிக்காமப் போயிருந்தா உங்களத் திட்டித் தீத்திருக்கலாம்" என்றாள். பிறகு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி, "டீச்சரா ஆகி நான் எப்படி இருந்திருப்பேன்னு மட்டும் தெரியாமயே போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இழைப்பதை நிறுத்தாமல் கேட்டார். கடைசியில், "அன்னைக்கு நீ இடமிருக்குன்னு சொல்லியிருந்தா, இன்னைக்கு ரெண்டு பேருமுல்ல வீட்ல உக்காந்துருப்பீக" என்றார். அவர் சொன்னது சரிதான். தப்பு செய்தவளுக்கு அப்படி ஒரு வாதம் கையில் கிடைத்தால் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். என்னால் பிடித்துக்கொள்ள முடியவில்லை. நான் வாயை மூடியபோது அவளுக்கு நல்லது நடக்கும் என்று நினைத்தா மூடினேன்?

தெருவுக்கு முன்னால் வாசித்தவள் நான். அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது என்று பட்டது. நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் உடன் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கத் தோன்றியது. காத்திருக்கவில்லை.

"அன்னைக்கு டீச்சர் வேலையில ஒங்க மகளுக்கும் இடம் இருந்துச்சு அத்தை. நாந்தான் சொல்லல."

முறம் ஒரு கணம் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை உளுந்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். அவள் மகளுக்கு அது முன்பே தெரியும் என்பது அத்தைக்குத் தெரியுமா, இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறாளா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இங்குட்டு வந்து உக்காரு" என்றாள் கடைசியில். குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் திட்டவாவது செய்வாள் என்று. அத்தை மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.