மூலையில் ஒட்டாத பவுடர்

எங்கள் அண்ணிக்குப் பட்டறையில் உடும்பு என்று பெயர். வைத்தது நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. நான் மறுக்கவும் இல்லை. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், குழாய் ஒழுகுகிறது என்று வாடகை வாங்கும் வீட்டுக்காரர் வாசலில் தினமும் போய் நின்றாள். கடைசியில் அந்த மனிதர் தானே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வந்து குழாயடியில் உட்கார்ந்தார். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. ‘வாங்க, போங்க’ எல்லாம் முதல் வாரத்தோடு முடிந்துவிட்டது. நான் வேலை செய்யும் பட்டறைக்கு அவளைச் சிபாரிசு செய்து கூட்டிக்கொண்டு போனவளும் நான்தான். இன்றைக்கு அவள் பெயிண்ட் அடிக்கிற கன் பிடிக்கிறாள், நான் கொக்கி மாட்டுகிறேன். என் வாய்க்கு எனக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

இரும்புச் சாமான்களுக்குப் பவுடர் பெயிண்ட் அடிக்கிற பட்டறை அது. பிரஷ் கிடையாது, தின்னர் கிடையாது. முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி மிருதுவான வண்ணத்தூள்தான் பெயிண்ட். அதைக் காற்றோடு ஊதித் தெளிக்கிற துப்பாக்கிதான் கன்; அதன் நுனியில் ஓர் ஊசி இருக்கும். அதைத் தாண்டி வெளியே வரும் ஒவ்வொரு துகளும் மின்சாரத்தை ஏற்றிக்கொண்டு வரும். சாமான் தொங்கும் கொக்கி எர்த்தோடு சேர்ந்திருக்கும். ஆக, கன்னுக்கும் சாமானுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இழுப்பு உண்டாகிவிடும். துகள்கள் அந்த இழுப்பின் வழியே போய் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். முன்பக்கம் நின்று அடித்தால் குழாயின் முதுகிலும் சுற்றிப்போய் ஒட்டும். எல்லாத் துகளிலும் ஒரே வகை மின்சாரம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, பரவலாக உட்காரும். அந்த நேரத்தில் துணியால் துடைத்தால் எல்லாம் போய்விடும். பெரிய அடுப்பில் வைத்து உருக்கி எடுத்த பிறகு ஆணியால் கீறினாலும் லேசில் போகாது. கொக்கியில் பழைய பெயிண்ட் ஏறியிருந்தால் எர்த் கிடைக்காது, பவுடரும் சரியாக ஒட்டாது. அதைச் சுரண்டி வைப்பது என் வேலை. என் கொக்கியைப் பற்றி எவரும் வாய் திறந்ததில்லை.

பவுடர் வெளியே பறக்காமலிருக்கத் தகடு அடைத்த கூண்டுக்குள் நின்றுதான் அடிக்க வேண்டும். அப்படி அடிக்கிறவர் மேலும் அந்த மின்சாரம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். காலில் ரப்பர் செருப்பு, இறங்குவதற்கு வழியில்லை. வெளியே வந்து யாரையாவது தொட்டால் போதும், சுளீரென்று ஒரு பொறி. ஆரம்பத்தில் அண்ணி ஒருநாள் என் கையைத் தொட்டு, நான் டீ டம்ளரைப் பறக்கவிட்டேன். அன்றிலிருந்து கூண்டைவிட்டு வந்ததும் முதலில் இரும்புத் தூணைத் தொடுவாள். எல்லாவற்றையும் அதில் இறக்கிவிட்டுத்தான் மனிதர்களிடம் வருவாள்.

அவள் கைக்குக் கன் சும்மா வந்துவிடவில்லை. முதலில் பட்டறை அடுப்படியில் கிடந்து வெந்தவள். பழைய கன்காரர் சாப்பிடப் போகும்போதெல்லாம் உடைந்த நாற்காலிகளை மாட்டி அடித்துப் பழகினாள். அவர் வேலையை விட்டுப் போனதும், “நான் அடிக்கிறேன்” என்று முதலாளி முன்னால் போய் நின்றாள். குழாய் ஒழுகிய கதைதான் மறுபடியும். முதலாளி இறங்கி வந்தார்.

அப்புறம்தான் கட்டில்கள் வந்தன. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கான இரும்புக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் மூன்று தகடுகள் கூடுகிற ஒரு மூலை, குழி மாதிரி. முதல் தவணையாக நாங்கள் அனுப்பியவை கொஞ்ச நாளில் திரும்பி வந்தன. அந்த மூலைகளில் பெயிண்டே பிடித்திருக்கவில்லை. தினமும் மருந்துத் தண்ணீரால் கழுவிக் கழுவித் துரு ஏறியிருந்தது. குழந்தை கை வைக்கிற இடம். பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

“வேற ஊர்ல இருந்து ஒரு கன்காரன் வரேன்னு சொல்லியிருக்கான். இன்னொரு தடவை இது திரும்பி வந்துச்சுன்னா கன் அவன்கிட்ட போயிடும். நீ பழையபடி அடுப்புக்குப் போயிடு” என்றார்.

அண்ணி முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பழைய பெயிண்டையும் துருவையும் உரித்த கட்டில் ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். உடும்பு தன் புத்தியைக் காட்டினாள். வோல்டேஜ் குமிழைக் கடைசிவரை திருகினாள்.

“பவரை ஏத்தினா போகாம எங்க போயிடும்?”

போகவில்லை. மூலையின் விளிம்பில் பவுடர் அப்பிக்கொண்டு நின்றது; உள்ளே இரும்பு பல்லை இளித்தது. காற்றைக் கூட்டினாள். போன பவுடரும் திரும்பிப் பறந்து வந்து அவள் முகமூடியில் அடித்தது. கன்னைக் குழிக்குள்ளேயே நுழைக்கிற மாதிரி கொண்டுபோனாள். ஒட்டிய பவுடரும் பொரிந்து உதிர்ந்தது. துடைப்பதும் அடிப்பதுமாகச் சனிக்கிழமை முழுதும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தேன். காய்ந்த தலை, பிளாஸ்டிக் சீப்பு. சீப்போடு முடியும் எழுந்து நின்றது.

“பேய் மாதிரி இருக்கே” என்றாள் அண்ணி. உடனே, “அதை இங்க குடு” என்று சீப்பை வாங்கினாள்.

பஸ் டிக்கெட்டைக் கிழித்துத் தட்டில் போட்டு, சீப்பை மேலே காட்டினாள். துணுக்குகள் துள்ளி வந்து ஒட்டின. அதே துணுக்குகளை எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டு, டம்ளரின் வாய்க்கு மேலே சீப்பைக் காட்டினாள். ஒன்றும் அசையவில்லை. என் தலையில் மறுபடி மறுபடி தேய்த்தாள். மண்டை எரிந்ததுதான் மிச்சம்.

“என் தலை என்ன சந்தனக் கட்டையா?”

அவள் காதில் அது விழவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இழுப்பு உள்ள போகவே இல்ல. வாசல்லயே விளிம்பு புடிச்சுக்குது. நான் பவரை ஏத்த ஏத்த, விளிம்புக்குத்தான் கொண்டாட்டம்.”

“அப்போ என்ன பண்ணுவே?”

“விட்டுப் புடிக்கணும்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடும்பு வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று யார் கண்டது?

மறுநாள் காலை கொக்கிகளைப் பளபளவென்று சுரண்டிக் கட்டிலை மாட்டினேன். அண்ணி வோல்டேஜை நன்றாக இறக்கினாள். காற்றையும் குறைத்தாள். விளிம்புகளைத் தொடாமல் மூலைக்கு முதலில் போனாள். தூங்குகிற பிள்ளைக்கு விசிறுகிற மாதிரி, அவசரமில்லாமல் அடித்தாள். இழுப்பு பலமாக இல்லாததால் பவுடர் ஓரத்துக்கு ஓடவில்லை. இளங்காற்றில் மெல்ல மிதந்து உள்ளே போய் உட்கார்ந்தது. மூலை நிறைந்த பிறகுதான் வோல்டேஜை ஏற்றி மற்ற இடங்களுக்கு வந்தாள். முதல் கட்டிலில் கொஞ்சம் திட்டு விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தாள். அடுத்தது சரியாக வந்தது. அதற்கடுத்ததும் சரியாக வந்தது.

அடுப்பிலிருந்து இறக்கி ஆறியதும் முதலாளி டார்ச்சும் கண்ணாடித் துண்டுமாக வந்தார். ஒவ்வொரு மூலைக்குள்ளும் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். விரல் விட்டுத் தடவினார்.

“மூலை பிரமாதம். ஒண்ணு பண்ணலாம். அந்த ஆளும் வரட்டும். பெரிய பெரிய தகடு, வெளி முகமெல்லாம் அவன் அடிக்கட்டும், வேகமா முடியும். மூலை மட்டும் நீ தொட்டுக் குடு. மீதி நேரம் அடுப்பைப் பாத்துக்க.”

அண்ணி முகமூடியைக் கழற்றினாள். கன்னை மட்டும் கீழே வைக்கவில்லை.

“மூலைக்குப் போன கைக்கு முகம் அடிக்க வராதா? அவர் வரட்டும் முதலாளி, வேணாங்கல. அவருக்கு இன்னொரு கன் வாங்குங்க. இது என்னுது.”

குரல் ஏறவே இல்லை. முதலாளி தலையைச் சொறிந்தார். குழாயடியில் உட்கார்ந்த அன்று வீட்டுக்காரரும் இப்படித்தான் சொறிந்தார்.

“அப்போ அவனைக் கொக்கிப் பக்கம் போட்டுக்கவா?” என்று என் பக்கம் திரும்பினார்.

“என் கொக்கியில எவனும் கை வைக்க வேணாம்” என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

“குடும்பமே இப்படியா?” என்று சொல்லிக்கொண்டே முதலாளி கட்டில்களை வண்டியில் ஏற்றச் சொன்னார். கன்னைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை.

அவர் போனதும் அண்ணி கூண்டுக்குள் போய், அடுத்து மாட்டியிருந்த கட்டிலை அடித்து முடித்தாள். கன்னை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள். தூணைத் தாண்டினாள். தொடவில்லை. நேராக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

சுளீரென்றது. அவளும் விடவில்லை, நானும் கையை இழுக்கவில்லை.