நான் எழுதிய ஓம்

பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்தது. இரண்டாவது, அதைப் பாரிஸ் தமிழர்களின் கடைத்தெருவான லாச்சப்பல் முழுக்கச் சொல்லித் திரிந்தது. அந்தப் பட்டியலில் சீட்டுக் குலுக்கித்தான் ஜூரிகளை எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. 2010இல் என் சீட்டு விழுந்தது. கொலை போன்ற பெரிய வழக்குகளில் மூன்று நீதிபதிகளோடு ஒன்பது பொதுமக்களும் இருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒன்பதில் ஒருவன் நான்.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விமான டிக்கெட் விற்கும் கந்தோரில் எனக்கு வேலை. டிக்கெட் கேட்டு வருபவருக்கு அரசியலையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிற ஆள். ஜூரியானதும் தலைகால் புரியவில்லை.

"சட்டம் பிழையெண்டால் ஜூரி அதைப் பாக்கத் தேவையில்லை. மனச்சாட்சி சொன்னால் காணும்," என்று தேத்தண்ணிக் கடையில் முழங்கினேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அன்று தேத்தண்ணி என்னுடையது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். சட்டப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழும்பி நிற்கும் என்னை நானே கற்பனை செய்து, அதற்கென்று ஒரு கோட்டும் வாங்கினேன். கை கொஞ்சம் நீளம்.

மனைவி காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிறவள். என் முழக்கம் வீட்டிலும் தொடர்ந்தபோது கேட்டாள்:

"இஞ்சேருங்கோ, நாளைக்கு ஒருத்தன் உங்களுக்கு அடிச்சுப்போட்டு நீதிமன்றத்திலை வந்து நிக்கிறான். வெளிநாட்டுக்காரருக்கு அடிச்சால் குற்றம் எண்ட சட்டம் பிழையெண்டு அங்கை இருக்கிற ஜூரிமாரின்ரை மனச்சாட்சி சொன்னால்?"

"அது வேறை."

"எப்பிடி வேறை?"

பேச்சை மாற்றினேன்.

எங்கள் முன் வந்தது எழுபது வயதைத் தாண்டிய ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. கணவருக்குத் தீராத நோய். வலி தாங்காமல், என்னை முடித்துவிடு என்று நாளாந்தம் கெஞ்சியிருக்கிறார். ஒருநாள் இவர் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுத் தானே பொலிஸைக் கூப்பிட்டார். எதையும் மறுக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அது திட்டமிட்ட கொலை. மிச்ச ஆயுள் சிறையில் போகலாம். கைப்பையை மடியில் வைத்தபடி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல இருந்தார். இவரை வீட்டுக்கு அனுப்புவது என்று முதல் நாளே முடிவெடுத்துவிட்டேன். சாட்சிகளை மரியாதைக்காகக் கேட்டேன்.

அறைக்குள் என்ன பேசினோம் என்பதைச் சாகும்வரை சொல்லக்கூடாது. வாக்களிக்கும் முறையைச் சொல்லலாம், அது சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆளுக்கொரு துண்டு. குற்றவாளியா என்பது கேள்வி. ஆம் என்றால் 'வீ', இல்லை என்றால் 'நோன்' என்று எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும்.

இங்கேதான் எங்கள் ஆட்களின் வியாதி வருகிறது. "அடையாள கார்ட் கொண்டு வரேல்லையோ?" என்று கேட்டால் "ஓம், கொண்டு வரேல்லை" என்போம். அதே பழக்கத்தில் தபால் கந்தோரிலும் 'வீ' என்று சொல்லிவிட்டு, அங்கே இருக்கும் பெண் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்துக் கார்டுக்குக் கையை நீட்ட, முழித்துக்கொண்டு நிற்போம். நானும் அப்படி எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன்.

பேனாவை எடுத்தபோது என் மனதில் ஓடியது ஒரே கேள்வி: இந்த மனுசியை விட்டுவிடலாமா? ஓம், விட்டுவிடலாம். கை எழுதியது. மடித்தேன், போட்டேன். போட்ட பிறகுதான் அங்கே கேட்கப்பட்ட கேள்வி அதில்லை என்பது உறைத்தது.

எதை எழுதினேன் என்று சொல்லக்கூடாது. எதை எழுதினேன் என்று எனக்கே நிச்சயமில்லை என்பதைச் சொல்லக்கூடாது என எந்தச் சட்டத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை. எண்ணி முடிந்ததும் துண்டுகளை எரித்துவிடுவார்கள். தேடிப் பார்க்கவும் வழியில்லை.

திறந்த மன்றில் தீர்ப்பை வாசித்தார்கள். விடுதலை. எனக்கு அழுகை வந்தது. சந்தோசம் பாதி, பயம் பாதி. வெளியே படிக்கட்டில் அந்தப் பெண்மணி எங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து "மெர்சி" என்று நன்றி சொன்னார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் காப்பாற்றிய ஆளை நான் உள்ளே தள்ளப் பார்த்தேனோ என்ற வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் கைகளை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வானொலியில் செய்தியைக் கேட்டிருந்தாள்.

"அந்த மனுசிக்கு நீங்கள் என்ன எழுதினனீங்கள்?"

"சொல்லேலாது. சட்டம்."

"பிழையான சட்டத்தைப் பாக்கத் தேவையில்லை எண்டு சொன்னனீங்கள்?"

"இது நல்ல சட்டம்," என்றேன்.