இடப்பக்கம் என்று எழுதிய பலகை

அன்று நான் இருபத்திரண்டு நிமிடம் தாமதம். காந்திபுரத்தில் இரண்டு பஸ் நிற்காமல் போயின. விமானம் நிற்கும் ஹேங்கருக்குள் நுழைந்தபோது ரங்கசாமி கையைத் துடைத்துக்கொண்டே, "வாங்க சார், உங்க வேலய நானே முடிச்சுப்போட்டேனுங்க" என்றார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோவை ஸ்பின்னிங் மில் முதலாளி ஒருவர், சோவியத் காலத்து யாக் பயிற்சி விமானம் ஒன்று வைத்திருந்தார். அதற்கு நான் இன்ஜினியர். ரங்கசாமி முப்பது வருடம் பம்ப்செட் ஃபிட்டராக இருந்துவிட்டு உதவிக்கு வந்தவர்.

அந்த இன்ஜினில் வட்டமாக ஒன்பது சிலிண்டர்கள். நிறுத்தி வைத்தால் கீழ் மூன்றில் ஆயில் தேங்கும். அதனால் ஸ்டார்ட் செய்யுமுன் புரொப்பெல்லரைக் கையால் சுற்றி, இறுக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஓடும் திசையில் மட்டும்; அதற்கு ஒரு பலகையும் பக்கத்தில் தொங்கியது. எதிர்த் திசையில் சுற்றினால் ஆயில், காற்று வரும் இன்டேக் பைப்புக்குள் ஏறிவிடும். பிறகு சிலிண்டருக்குள் திரும்பி வந்து பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடை வளைக்கும். வளைந்த ராடு தரையிலேயே உடையும் என்று உறுதியில்லை.

"எத்தனை சுத்து?"

"எட்டுங்க. ரெண்டாவதுல கொஞ்சம் இறுக்குச்சு. அப்பறம் லேசாயிருச்சுங்க."

"எந்தப் பக்கம்?"

புரொப்பெல்லருக்கு முன்னால் நின்று, இடப்பக்கமாகக் கையைச் சுற்றிக் காட்டினார். தப்பான பக்கம்.

அதற்குள் முதலாளி மகளோடு வந்துவிட்டார். அவளுக்கு அதுதான் முதல் பறப்பு. இன்று முடியாது என்றேன்.

"ஏனுங்க, போன வாரமும் இதே பாட்டுத்தானுங்களே? இந்த வண்டி பறந்ததக் காட்டிலும் நீங்க கழட்டுனதுதான் ஜாஸ்தி!" என்றார் முதலாளி.

சரிதான். என் கணக்கில் பறந்தது நாற்பத்தொரு மணி, கழற்றியது முந்நூற்றுப் பதினாறு.

நடந்ததைச் சொன்னேன். அவர் ரங்கசாமியிடம் திரும்பினார். "பலகை தொங்குதில்லீங்க? எம்பட புள்ளய ஏத்தியிருப்பேன். நாளையிலிருந்து வர வேண்டாமுங்க." கோபத்திலும் அந்த 'ங்க' போகவில்லை.

ரங்கசாமி பலகையைக் காட்டினார். "'இடப்பக்கமாக மட்டும் சுற்றவும்'னு போட்டிருக்குதுங்க. அப்படித்தானுங்களே சுத்துனேன்?"

பலகை என் கையெழுத்து. பைலட் சீட்டிலிருந்து பார்த்தால்தான் அது இடப்பக்கம். சுற்றுகிறவர் எதிரே நிற்கிறார். அவருக்கு அது வலப்பக்கம். பதினொரு மாதம் தினமும் அதைப் பார்த்திருக்கிறேன், எழுத்துப்பிழை இல்லை என்ற திருப்தியோடு.

"தப்பு என்னுதுங்க" என்றேன்.

ரங்கசாமியும் நானும் கீழ்ச் சிலிண்டர்களின் ஆறு பிளக்குகளையும், பைப்பின் டிரெயின் பிளக்கையும் கழற்றினோம். ஒன்றே முக்கால் டம்ளர் ஆயில் வந்தது. முதலாளி டம்ளரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க ரங்கசாமி" என்று சொல்லிவிட்டு, "வா அம்மணி, போலாம்" என்று கிளம்பினார்.

பலகையைக் கழற்றும்போது ரங்கசாமி சொன்னார்: "பம்ப்புல நாங்க எழுத மாட்டோமுங்க சார். அம்புக்குறிதான். எங்க நின்னு பாத்தாலும் அம்பு அம்புதானுங்களே?"

இன்ஜின் மூடியில் சிவப்பு பெயிண்டில் அம்பு வரைந்தோம். அதன் பிறகு எந்த எச்சரிக்கை எழுதினாலும், அதைப் படிப்பவர் நிற்கும் இடத்தில் முதலில் நான் போய் நின்று பார்ப்பேன். நாற்பது வருட சர்வீஸில் கற்றதில், தயங்காமல் அடுத்தவருக்குச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.