தம்பியோடு அந்தமானுக்குப் போன தவளைகள்

சுனாமி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். கருங்குழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் குட்டையை மகளிர் சுய உதவிக் குழு பெயரில் குத்தகைக்கு எடுத்து மீன் குஞ்சு வளர்த்துவந்தோம். ரோகு, கட்லா குஞ்சுகளை விரல் நீளம் வளர்த்து, குளம் வைத்திருப்பவர்களுக்குக் கொடுப்போம். குழுவுக்கு நான்தான் தலைவி. அந்தத் தொழிலில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பும் அப்போது இருந்தது.

என் தம்பி அந்தமானில் குடியேறி ரொம்ப வருஷம். அங்கே சின்னதாகப் பாக்குத் தோட்டம் வாங்கி, ஓரத்தில் ஒரு குளமும் வெட்டியிருந்தான். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன், திரும்பும்போது மீன் குஞ்சு கொண்டுபோக ஆசைப்பட்டான். கப்பலில் மூன்று நாள் குஞ்சு தாங்காது என்று விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தான். கிளம்புகிற அன்று காலையில் நல்ல மழை. அவனை ஏற்றிப்போக வேனும் வந்து நின்றுவிட்டது. நாங்கள் அவசர அவசரமாக வலையில் அள்ளி, ஆக்ஸிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் குஞ்சுகளைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

குழுவில் என்னைவிட இரண்டு வயது சின்னவள் ஒருத்தி. அவள் ஒரு பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“யக்கா, இதுல தலப்பிரட்டை கலந்து கீது. கொட்டிப் பொறுக்கிட்டு கட்டலாம்.”

எட்டிப் பார்த்தேன். மீன் குஞ்சுகளுக்கு நடுவே கொழுத்த தலைப்பிரட்டைகள் நாலைந்து. மழைக்கு நம் வயலில் வருமே, பெரிய மஞ்சள் தவளை, அதன் குஞ்சுகள்.

“தவள தானேடி, கெடந்துட்டுப் போவுது. நேரமாவுது, கட்டு” என்றேன்.

அவள் மறுபடி ஏதோ சொல்ல வந்தாள். எல்லார் முன்னாலும் எனக்கே சொல்லித் தருகிறாளே என்று முகத்தைச் சுளித்தேன். பையை அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த இரண்டு வருஷத்தில் அதை நான் சுத்தமாக மறந்துவிட்டேன். பிறகு ஒரு கோடை லீவில் கப்பலேறி தம்பி வீட்டுக்குப் போனேன். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு வாத்துக் குஞ்சுகள் வரிசையாகத் தண்ணீரில் இறங்கின. கரையோரச் சேற்றிலிருந்து ஏதோ பாய்ந்து, கடைசிக் குஞ்சைக் கவ்வியது. தவளைதான். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அளவு பெரிசு. குஞ்சின் கால்கள் அதன் வாய்க்கு வெளியே துடித்தன. நான் கழி தேடி ஓடி வருவதற்குள் தண்ணீருக்குள் மறைந்துவிட்டது.

தம்பி மனைவி ஓடி வந்தாள். ஒரு வருஷமாகவே இப்படித்தான் என்றாள். முதலில் இந்தக் குளத்தில் மட்டும் இருந்ததாம். அடுத்த மழைக்கு ஓடை வழியாக ஊர்க் குளமெல்லாம் பரவிவிட்டதாம். வாழைத் தோட்டத்தில் இருந்த அந்தத் தீவின் சின்னத் தவளைகளையும் அரணைகளையும் விழுங்குகிறதாம். முன்னால் இப்படி ஒரு தவளையை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லையாம்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அன்னிக்கு மீன் குஞ்சோட வந்த தலப்பிரட்டைதான், குளத்துல வுட்ட கொஞ்ச நாள்லயே கால் மொளச்சு கரையேறிச்சுக்கா. நானும் தவள தானேன்னு வுட்டுட்டேன். இங்க யார்கிட்டயும் சொல்லல.”

பக்கத்து வீட்டுக்காரம்மா வங்காளத்துக் குடும்பம். வாத்து வளர்த்துத்தான் பிழைப்பு. அவரிடம் சொல்லப் போகிறேன் என்றதும், வேண்டாம், ஊரே என்னை ஏசும் என்று தம்பி தடுத்தான். தப்பு உன்மேல் மட்டும் இல்லை, முதல் தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் அவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் இந்தியில் சொன்னாள். அந்தம்மா முகம் இறுகிப்போயிற்று. திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “உங்கள் ஊரில் இதை எப்படி ஒழிப்பீர்கள்?”

எங்கள் ஊரில் அதை ஒழிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை என்றேன். அது அங்கே பிறந்த பிராணி, அதன்பாட்டுக்கு இருக்கும்.

மறுநாள் விடிந்ததும் அவரே கைவலையோடு வந்து நின்றார். நான் இருந்த பத்து நாளும் இரண்டு வீட்டாரும் சேர்ந்து சேற்றில் இறங்கிப் பிடித்தோம். தம்பி குளத்தை மோட்டார் வைத்து வற்றடித்தான். வாத்துக் குஞ்சுகளுக்கு வலை அடைப்பு போட்டோம். மூட்டை மூட்டையாகப் பிடித்தும், நான் கப்பலேறுகிற அன்று பெய்த மழையில் ஓடைப் பக்கமிருந்து இன்னும் வந்துகொண்டுதான் இருந்தன.

ஊருக்கு வந்ததும் குழுக் கூட்டத்தில், அன்றைக்குப் பையைத் தூக்கிக் காட்டிய அவளிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் கூச்சப்பட்டுப்போய், “வுடுக்கா, இனிமே பாத்துக் கட்டுவோம்” என்றாள். அதிலிருந்து ஒவ்வொரு முறையும் குஞ்சுகளை வெள்ளை பேசினில் கொட்டிப் பொறுக்கிய பிறகுதான் கட்டுகிறோம். கடல் தாண்டிக் கொண்டுபோகக் கேட்டால் யாருக்கும் கொடுப்பதில்லை.

அடுத்த கிராமத்துக்கும் தவளை போய்விட்டதாகத் தம்பி போனில் சொன்னான். ஒத்துக்கொள்ள முடிந்த தப்பை எல்லாம் திருத்திவிட முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது. அதனால்தான் இன்றைக்கும் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும், பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் பொறுங்கள் என்றால், ஏன் என்று கேட்காமலே என் கை நின்றுவிடுகிறது.