ஹீலியம் தேடிப் போன லிங்கம்

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தண்ணீருக்குத் துளைபோடும் போர் வண்டியோடு திருவனந்தபுரத்துக்கு வந்தவர் லிங்கம். கல்யாணம், குழந்தை எல்லாம் இங்கேதான். கரமனையில் வாடகை வீடு. மகள் அஞ்சு கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். தண்ணீரைத் தவிர வேறு எதற்காகவும் லிங்கம் பூமியைத் துளைத்ததில்லை, மனைவி கலைச்செல்வி சாகும் வரைக்கும்.

கலைச்செல்விக்குத் தலைவலியில்தான் ஆரம்பித்தது. டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். ஸ்கேன் அறை பூட்டிக் கிடந்தது. வாசலில் நின்ற டெக்னீஷியன், "ஹீலியம் தீர்ந்துபோச்சு. அது வந்தாத்தான் மெஷின் ஓடும், வெயிட் பண்ணுங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கலைச்செல்வி கேட்டாள்: "யாருங்க அந்த ஹீலியம்? ஊருக்குப் போயிருக்காரோ?"

லிங்கம் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். மாத்திரையில் வலி அடங்கியதால் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். மறுபடி போய்க் கேட்டபோதும் வரவில்லை என்றார்கள். பிறகு ஒரு காலையில் டீ கிளாஸ் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அந்தக் கையை அவளால் தூக்க முடியவில்லை. இங்கே மெஷின் இன்னும் ஓடாததால் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டி. இனி வெட்டி எடுக்க முடியாத இடத்துக்குப் பரவிவிட்டது என்றார்கள். ஓணத்துக்கு முன்னால் போய்விட்டாள்.

மறு வருஷம், லிங்கத்தோடு வேலை செய்யும் ஷிபு ஒரு சேதி கொண்டுவந்தான். வித்துரா மலையடிவாரத்தில் ஏதோ கம்பெனி சோதனைத் துளை போடுகிறதாம், ஆள் தேவையாம்.

"தண்ணியா?"

"இல்ல அண்ணாச்சி, கேஸ். ஹீலியமாம்."

லிங்கம் அன்றைக்கே கிளம்பினார். அஞ்சுவிடம், எஸ்டேட்டில் தண்ணிக்கு போர் போடுகிறோம் என்று மட்டும் சொன்னார்.

அங்கே வேலை வேறு மாதிரி. தண்ணீர் போர் போல அடித்து நொறுக்கிக்கொண்டு போகக்கூடாது. வைரப்பொடி பதித்த பிட் முனை மெதுவாக அறுத்துக்கொண்டு இறங்க, பாறை உருளை உருளையாக மேலே வரும். ஜியாலஜிஸ்ட் ஜெஸ்லின், மார்த்தாண்டத்துப் பெண், அவற்றைப் பெட்டியில் வரிசையாக அடுக்குவாள். இந்த மாதிரிப் பழைய பாறையில் வாயு கொஞ்சம் கொஞ்சமாக ஊறி அடைபட்டுக் கிடக்கும், விரிசல் கிடைத்தால் மேலே வரும் என்று அவள் விளக்கினாள். ஒவ்வொரு விரிசலிலும் நிறுத்தி, வருகிற காற்றை எஃகுக் குப்பியில் பிடித்து லேபுக்கு அனுப்பினார்கள். குப்பி ஏறிய ஜீப் வளைவு திரும்பும் வரை லிங்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். மழையில் எல்லோரும் ஷெட்டுக்குள் ஒதுங்கினாலும் அவர் துளைபோடும் ரிக் மெஷினை விட்டு நகரமாட்டார்.

கடைசிக் குப்பிக்கான ரிசல்ட் வந்த அன்று ஜெஸ்லின் அவரிடம் வந்தாள்.

"மூடிரச் சொல்லிட்டாங்க அண்ணாச்சி."

"இல்லையா மேடம்?"

"இருக்கு. ஆனா ரொம்பக் கொஞ்சம். எடுத்தாக் கட்டுப்படியாகாது."

லிங்கம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் போதுமே மேடம். ஒரு ஸ்கேன் மெஷினுக்குக் காணாதா?"

ஜெஸ்லின் அவரை உற்றுப் பார்த்தாள். "யாருக்கு அண்ணாச்சி?"

அப்போதுதான் அவர் கலைச்செல்வியைப் பற்றிச் சொன்னார், நின்றபடியே, எதையும் கூட்டாமல் குறைக்காமல். கேட்டு முடித்த ஜெஸ்லின், "அப்படித் தனியா எடுக்க முடியாது" என்று மெல்லச் சொன்னாள்.

துளையை மூடச் சிமெண்ட் இறக்கும் வேலையை வேறு ஆளிடம் விடலாம் என்றாள். லிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. தானே பம்பை ஓட்டி, துளை வாய் நிறைந்ததும் மேலே வழிந்ததைக் கரண்டியால் தட்டி மட்டம் செய்தார்.

சாயங்காலம் வித்துரா பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அஞ்சு போன் செய்தாள்.

"வேலை முடிஞ்சுதோ அப்பா?"

"முடிஞ்சுது. அஞ்சு, அது தண்ணிக்குப் போட்ட போர் இல்லம்மா..."

"எனக்கு அறியாம் அப்பா, நல்லாத் தெரியும். ஷிபு அண்ணன் அப்பவே சொன்னாரு. கிட்டியதோ?"

"இல்ல."

"கிட்டினாலும் அம்மா வரமாட்டாங்கல்லே" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

கலைச்செல்வி போனபோது காரியங்களைப் பார்க்க வேண்டியிருந்தது என்று அழாமல் நின்றவர், பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேருக்கு நடுவில் வாய்விட்டு அழுதார். மறுமுனையில் மகளும் அழுதாள். அவர் ஏற வேண்டிய நெடுமங்காடு பஸ் வந்து, ஆள் ஏற்றிப் போய்விட்டது.

இப்போது மறுபடி தண்ணீர் போர்தான். போன வாரம் ஆரியநாட்டில் ஒரு வீட்டில் தண்ணீர் பீறிட்டு வந்தது. வீட்டுக்காரர்கள் கைதட்டிச் சிரித்து, குழந்தைகளை நனையவிட்டார்கள். அந்த வீட்டம்மா பாயசம் கொண்டுவந்து நீட்டினாள். லிங்கம் வாங்கிக்கொண்டார். தலைவலியென்று சாக்குச் சொல்லி ஷிபுவிடம் கொடுத்துவிட்டு, அந்தச் சிரிப்பு கண்ணில் படாமல் வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.