மதிலில் விட்ட வாசல்

சென்ற வியாழக்கிழமை, கையில் ஒரு கிண்ணம் மீன் ஆணத்தோடு, ஓர் எருமை மாட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

சிரிக்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

குளத்து மீன். புதிய ஊருக்கு வந்து முதல் தடவையாக நானே பார்த்து வாங்கி, தேங்காய்ப்பால் விட்டு ஆணம் ஆக்கி இறக்கினேன். ருசி பார்த்தேன்... பரவாயில்லை. உடனே கை தானாக ஒரு கிண்ணத்தை எடுத்து, ஊற்றி, தட்டால் மூடியது. கால் பின்வாசலால் இறங்கி நடந்தது. கம்பி வேலிக்குக் கிட்ட வந்த பிறகுதான் நினைவு திரும்பியது — வேலிக்கு அந்தப் பக்கம் உம்மாவின் குசினி இல்லை. வயல். வயலுக்குள் எருமை. அது என்னைப் பார்த்தது, நானும் அதைப் பார்த்தேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நான் சாய்ந்தமருதுக்காரி என்பது தெரியும். தெரியாத செய்தி — நாங்கள் ஊர் மாறிவிட்டோம். கணவர், நான், ஏழு வயது மகன், நாலு வயது மகள், ஒரு தையல் மெஷின். காரைதீவுச் சந்தியில் உள்ளே திரும்பி, சம்மாந்துறையையும் தாண்டி, வயலுக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்.

'இதெல்லாம் ஒரு தூரமா?' என்று கொழும்பு வாசகர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான். கட்டாருக்கும் சவூதிக்கும் ஆண்களை அனுப்பிப் பழகிய ஊர் எங்களுடையது. ஆனால் ஒரு பெண் தன் வீட்டை விட்டு ஒரு மணித்தியாலத் தூரம் குடிபோவது... அது எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் எங்கும் போவதில்லை. மகள் நடை பழகும்போதே அவளுக்கு எங்கே வீடு எழும்ப வேண்டும் என்று வளவில் இடம் பார்த்துவிடுவார்கள். வாப்பாவும் வளவின் முன்பாதியில் எனக்கு வீடு கட்டினார். பின்பாதியில் பழைய வீடு. வாப்பா மௌத்தான பிறகு அதில் உம்மாவும் தங்கச்சியும் இருக்கிறார்கள். நடுவில் ஒரு மதில். மதிலில் ஒரு வாசல். அதற்குக் கதவு இல்லை. கதவு வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவேயில்லை.

அந்த வாசலால் என்னவெல்லாம் போய் வந்தது! ஆணக் கிண்ணம், அழுகிற பிள்ளை, அரைத்த மசாலா, ஊர்க்கதை. சுபஹுக்குப் பிறகு உம்மாவின் செருப்புச் சத்தம் அந்த வாசலால்தான் வரும். பின்னாலேயே, "எழும்பிட்டியா மகள்?" என்ற கேள்வி வரும். எழும்பாவிட்டாலும் எழும்ப வேண்டும்.

அப்படியானால் ஏன் வந்தாய் என்கிறீர்களா?

மகனுக்கு இளைப்பு. தூசி வீசும் மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் வீடு. வளவிலும் மண் மிச்சமில்லை. மகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று வாப்பா ஆசையாகக் கட்டிய வீடு, மகளின் பிள்ளைகள் ஓடுவதற்கு ஒரு முழம் இடம் விடவில்லை. என் மகன் சைக்கிள் பழகியது மொட்டை மாடிப் பிளேட்டில். வாப்பாவைக் குறை சொல்லவில்லை. எங்கள் தெருவில் எல்லா வாப்பாமாரும் மகள்மாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கட்டினார்கள்... கட்டினார்கள்... இப்போது சுவருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு குடை விரிக்க முடியாது. பாசம் கூடிய ஊரில் காற்றுக் குறைவுதானே?

கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். இந்த ஊருக்கு இடமாற்றம் வந்தபோது, "அங்கயே போய் இரிப்பமா?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன். யாரும் என்னைக் கட்டி இழுத்து வரவில்லை.

வந்த நாளில் இருந்து மகன் வரம்பில் ஓடுகிறான். இளைப்புக்கு இழுக்கிற பம்ப் அலுமாரிக்குள் சும்மா கிடக்கிறது. மகள் கொக்குகளுக்குப் பெயர் வைத்திருக்கிறாள். எல்லோருக்கும் நெஞ்சு சுகம், என்னைத் தவிர.

எனக்கு உம்மா வேண்டும். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள் இப்படி எழுதுவது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேண்டும். ஊரில் மூன்று பள்ளிவாசல்களின் பாங்கும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வரும். இங்கே ஒரே பாங்கு; அது முடிந்தால் தவளை. அமைதி வேண்டும் என்று கேட்டு வந்தவள், அந்த அமைதிக்குள் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன்.

இதற்கிடையில் இன்னொரு தலையிடி. பூட்டி, திறப்புச் சாவியை உம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்த என் வீட்டை ஒரு குடும்பம் வாடகைக்குக் கேட்டது. உம்மா தினமும் போன் எடுப்பார்.

"அந்தாக்கள் கேட்டுட்டே இரிக்காங்க மகள். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு செல்லட்டாம். திறப்பக் குடுக்கவா, வேணாவா?"

"நாளைக்கி செல்றன் உம்மா."

நாளை, நாளை என்றே நாட்கள் போயின. திறப்பு கைமாறினால் நான் நினைத்தவுடன் திரும்பிப் போக வீடு இல்லை. உள்ளதைச் சொன்னால், அந்த வீடு பூட்டித்தானே கிடக்கிறது என்ற தைரியத்தில்தான் இங்கே உட்கார்ந்திருந்தேன். உம்மாவுக்கும் அது தெரியும். அதனால்தான் குடு என்றும் சொல்லவில்லை, குடுக்காதே என்றும் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் வியாழக்கிழமை, கிண்ணமும் கையுமாக வேலியடியில் நின்றேன். அஸர் தொழுதுவிட்டு வந்த கணவர் பார்த்துவிட்டார்.

"ஆருக்கு புள்ள ஆணம், எருமைக்கா?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. அவர் கிண்ணத்தை வாங்கிப் படியில் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானும் இப்படித்தான் நிண்ட."

"எப்ப?"

"உங்கட ஊட்டுக்கு மாப்புளயா வந்த புதுசுல. அஸர் தொழுதிட்டு வெளிய வந்தா, சைக்கிள் தன்ட பாட்டுல உம்மாட ஊட்டுக்குத்தான் போகும். படலயில கைய வெச்ச பொறகுதான் ஞாபகம் வரும், நான் இப்ப இஞ்ச இல்லயே எண்டு."

"அப்ப என்ன செஞ்சீங்க?"

"வந்தது வந்திட்டன் எண்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்த."

"எவ்வளவு நாளா?"

"ஊரு மாறுற வரைக்கும்."

எங்களுக்குக் கல்யாணம் முடிந்து ஒன்பது வருடம். அஸருக்குப் பிறகு இந்த மனிதர் டீக்கடையில் இருந்து அரசியல் கதைக்கிறார் என்றுதான் அத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

"ஏன் எனக்கிட்ட செல்லவே இல்ல?"

"மாப்புளட்ட ஆரு இதெல்லாம் கேக்கிற?"

உண்மைதான், யார் கேட்கிறார்கள்? டீவி நாடகத்தில் கல்யாணப் பெண் தாய் வீட்டை விட்டுப் போகும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் முந்தானையால் கண்ணைத் துடைப்போம். எங்கள் தெருவால் கோட்டும் மாலையுமாகத் தாய் வீட்டை விட்டு ஒருவன் வருவான். அவனுக்குப் புரியாணி போதுமா என்று மட்டும் பார்ப்போம். எங்கள் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் புகுந்த வீட்டில் வாழ்கிறவர்கள். ஒருவராவது அதைப் பற்றிப் பத்தி எழுதினாரா?

பிறகுதான் எனக்கு உறைத்தது. மகனின் நெஞ்சுக்காக நான் உம்மாவை விட்டுவிட்டு வந்தேன். இவரும்தானே அந்த டீயை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"இப்ப மாமி டீ ஊத்துறல்லயா?"

அவர் எருமையைப் பார்த்தார்.

"ஊத்துறாவாம். எனக்கு ஊத்துறத எங்கட வாப்பா குடிக்கிறாராம், ரெண்டாவது டீயா."

ஆணம் ஆறிப்போயிருந்தது. அந்தக் கிண்ணத்தை இருவருமாகப் படியில் இருந்தே சாப்பிட்டு முடித்தோம். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளோடு ஊருக்குப் போவது என்று முடிவானது. ஜும்ஆ முடிய அவர் அவரின் உம்மாவிடம், நான் என் உம்மாவிடம். ஊரில் இருந்த காலத்தில் அவருக்குக் கிடைத்ததைப் போல, வாரத்துக்கு ஒன்றாவது எனக்கும் ஒரு டீ.

மஃரிபுக்கு முதல் உம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"உம்மா, திறப்பக் குடுங்க."

அந்தப் பக்கம் தங்கச்சி எதையோ பொரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு உம்மா மெதுவாகச் சொன்னார்.

"அப்ப அந்த வாசல அடைக்கணும்."

எனக்கு இது தோன்றவேயில்லை. திறப்பு, திறப்பு என்று இத்தனை நாளும் மருகியவள் நான். முன்வீட்டில் வேறு குடும்பம், அந்நிய ஆண். பின்வீட்டில் உம்மாவும் குமர்ப்பிள்ளையான தங்கச்சியும். நடுவில் கதவில்லாத வாசலை எப்படித் திறந்து வைப்பது?

"ஓம் உம்மா" என்றேன். அந்த ஒரு சொல் வெளியே வர எவ்வளவு கஷ்டப்பட்டது என்று எனக்குத்தான் தெரியும்.

"மேசனுக்குச் செல்லவா?"

"வேணாம். கல்லு வெச்சுக் கட்டாதீங்க உம்மா. தகரம் அடிச்சாப் போதும்."



"நானும் தகரம்தான் மகள் வாங்கி வெச்சிரிக்கன்."

எங்கள் கடற்கரையில் உப்புக் காற்றுக்குத் தகரம் நெடுநாள் தாங்காது — அது உம்மாவுக்குத் தெரியாதா என்ன?