மிட்டா பங்களாத் தடம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது நடந்ததுதான். திருச்செங்கோட்டிலிருந்து பதினோரு கிலோமீட்டரில் அந்த ஊர் இருக்கிறது. தடம் இருக்கிறது. அதில் தினமும் நடந்த அறிவுச்செல்வியும் இருக்கிறாள். ஊர்ப் பெயரை மட்டும் எழுதவில்லை. அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

ஊருக்குத் தெற்கே ஜமீன் மாதிரி வாழ்ந்த பழைய மிட்டாதாரின் தோட்டம், நாற்பது ஏக்கர். நடுவே ஓடு சரிந்த பங்களா. தோட்டத்தின் குறுக்கே ஒரு வண்டித்தடம். அது போய் முடிகிற இடத்தில் அறிவுச்செல்வியின் இரண்டு ஏக்கர் மரவள்ளி நிலம்; காடு என்பார்கள் அங்கே. காட்டுக்குப் போக வேறு வழி கிடையாது. பங்களாவுக்குப் பயந்து ஊரார் அந்தப் பக்கம் நடப்பதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. அவள் புருஷன் வளவன் ஒருவர்தான் விடாமல் நடந்தார். மார்கழியில் ஒரு சாயங்காலம் போனவர் திரும்பவில்லை. மறுநாள் காலை பங்களாவை ஒட்டித் தடம் திரும்பும் வளைவில் குப்புறக் கிடந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். பங்களாதான் என்றது ஊர்.

பங்குனியில் தோட்டம் கைமாறியது. வாங்கியவர் வெள்ளியங்கிரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரிக்காரர். கம்பி வேலி போட ஆட்களோடு வந்தார். அறிவுச்செல்வி தோட்டத்துக் கேட்டுக்கு நடுவே போய் நின்றுகொண்டாள்.

"ஆருமே நடக்காத தடம் எதுக்குங்க அம்மிணி? அந்த ரெண்டு ஏக்கரயும் எனக்கே குடுத்துருங்க. நல்ல வெலை தாரேன்."

"நான் நடக்கறனுங்க."

"நீங்களா? ஒத்தையாவா?" அவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

"சிரிச்சு முடிச்சீங்கன்னா சொல்லுங்க. நான் காட்டுக்குப் போகோணும்."

ஊர்ப் பெரியவர் தங்கமுத்து நடுவில் புகுந்து ஒரு முடிவு சொன்னார். வெள்ளியங்கிரியின் காவல்காரர் மாதையன் முப்பது நாள் கேட்டில் உட்கார்ந்து பார்ப்பார். முப்பது நாளும் அவள் நடந்தால் தடம் இருக்கும். ஒரு நாள் தவறினாலும் வேலிதான். மாதையன் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். இந்த ஊரில் யாரையும் தெரியாது. நடப்பவர்களிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது முதலாளி உத்தரவு.

"ஒருத்தரக் குடுத்தது பத்தாதா புள்ள?" என்றாள் பக்கத்து வீட்டு மாரக்காள். "உன்னயும் வாங்கீட்டுத்தான் உடும் அது."

"வாங்கட்டுமே. வாங்கிப் பாக்கட்டும்."

முதல் ஏழு நாட்கள் அது அருமையான நடைதான். இருபுறமும் ஆள் உயரச் சோளத்தட்டு. வேப்பம்பூ வாசம். மாந்தோப்பில் மயில்கள் அகவும். மேற்கே பொழுது சாய, திருச்செங்கோட்டு மலை செங்கல் நிறத்துக்கு மாறும். பங்களா வளைவு வந்தால் மட்டும் அவள் கண் கலங்கும். ஆனால் கால் நிற்காது.

எட்டாம் நாள். 2023, ஏப்ரல் 11, செவ்வாய்க்கிழமை.

மாலை 5.22-க்குக் கேட்டைத் தாண்டினாள். மாதையன் நாற்காலியிலிருந்து கையை உயர்த்தினார். அவளும் தலையசைத்தாள்.

5.31. மாந்தோப்பு. ஏதோ குறைந்திருந்தது. என்னவென்று பத்தடி நடந்த பிறகுதான் பிடிபட்டது. ஒரு மயில்கூடக் கத்தவில்லை. காகம் இல்லை. தவிட்டுக்குருவி இல்லை.

5.36. காற்று நின்றிருந்தது. சோளத்தட்டில் ஒரு தோகைகூட ஆடவில்லை. ஆனால் சலசலப்பு மட்டும் கேட்டது... இடது பக்கம்... அவள் நடைக்குச் சரியாக.

பிறகு அது தடத்துக்கு வந்தது.

பொத்... பொத்... பொத்...

வெறுங்கால். கனமான கால். அவளுக்குப் பின்னால்.

நின்றாள். அதுவும் நின்றது.

இல்லை... ஓர் அடி கூடுதலாக வைத்துவிட்டு நின்றது.

மறுபடி நடந்தாள். நின்றாள். மறுபடியும் ஓர் அடி கூடுதல்.

நெருங்குகிறது.

ஓடிவிடலாம். கேட்டுக்கு ஓடினால் இன்றைய நடை போச்சு. இன்றைய நடை போனால் தடம் போச்சு. அவர் பிடிவாதமாய் நடந்த தடம்.

அறிவுச்செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் சத்தமாகவே சொன்னாள்.

"பொறவுல வார வேலையெல்லாம் எங்கிட்ட வேண்டாம். நடக்கறதுன்னா முன்னால நட!"

பிடரிக்குப் பின்னால் ஈரத்துணி வாடை...

சோளத்தட்டு ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. பக்கவாட்டில். அவளைச் சுற்றிக்கொண்டு.

முன்னால் புழுதியில்... பொத். ஒரு குதிகால் பதிந்தது.

பொத். இன்னொன்று.

மேலே யாருமில்லை.

5.41.

காலடித் தடங்கள் முன்னே போயின. அவள் பின்னே போனாள். பங்களா வளைவில், வளவன் விழுந்து கிடந்த அதே இடத்தில், அவை நின்றன.

அவளும் நின்றாள்.

"நீங்களா?"

அவள் ஓரடி முன்னே வைத்தாள்.

"நீங்கன்னா காடு வரைக்கும் கூட வாங்க. இல்லீன்னா வழிய உடுங்க."

பொத்... பொத்... தடங்கள் காட்டை நோக்கிக் கிளம்பின.

அவள் அங்கேயே அழுதாள். பயத்தில் அல்ல. அவர்தான் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. 6.30-க்குத் திரும்பும்போது காலடி பின்னால் வந்தது. அவள் தடுக்கவில்லை. கேட்டைத் தாண்டி, வீடு வரைக்கும் அழைத்துக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து வளவனின் கட்டில் இரவில் கிரீச்சிட்டது. அவள் ஒரு தட்டில் சோறு வைத்தாள். விளக்கணைத்துவிட்டுப் பேசினாள். கல்யாணமான புதிதில் சொல்லாமல் விட்டது, தவறிப்போன பிள்ளை, அவர் போன அன்று காலையில் போட்ட சண்டை, எல்லாவற்றையும். நாய் மட்டும் வீட்டுக்குள் வருவதை நிறுத்திவிட்டது. கோடை மழை கொட்டிய நாளிலும், காய்ச்சல் கண்ட நாளிலும் அவள் நடந்தாள். கேட்டில் மாதையன் இப்போதெல்லாம் இரண்டு முறை கையை உயர்த்தினார். மரியாதைக்காரர் என்று நினைத்துக்கொண்டாள்.

மே 4, காலை பத்து மணி. கேட்டருகே ஊர் கூடியது.

"சொல்லு மாதையா. எத்தன நாள் நடந்தாங்க?" என்றார் வெள்ளியங்கிரி.

"முப்பது நாளுமே நடந்தாங்க. ஒரு நாள்கூடத் தவறல. மொத ஏழு நாள் தனியா. அதுக்கப்புறம் ரெண்டு பேரா."

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. அறிவுச்செல்வி மட்டும் சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"பாத்தீங்களா? என்ற ஊட்டுக்காரருங்க அது."

தங்கமுத்து மெதுவாகக் கேட்டார். "ஆளு எப்பிடி இருந்தாருங்க?"

"நல்ல ஒசரம். தலையில முண்டாசு. இடது கை முழங்கையோட சரி, அதுக்குக் கீழ இல்ல."

வளவன் குள்ளம். இரண்டு கையும் உள்ளவர். முழங்கைக்குக் கீழே கையில்லாத ஆள் அந்த ஊரில் என்றைக்கும் இருந்ததில்லை.

"எங்கிருந்து வந்தாரு?"

"எட்டாம் நாள் மட்டும் உள்ளருந்து இந்தம்மா பின்னாடி வந்தாரு. அதுக்கப்புறம் தெனமும் ஊர்லருந்துதான் கூட வராரு. கூடவே திரும்பிப் போறாரு." மாதையன் அவளைப் பார்த்தார். "உங்க வீட்லதான இருக்காரு?"

வெள்ளியங்கிரி கேட்டிலிருந்து கையை எடுத்தார். வேலியாவது ஒன்றாவது, தடம் அப்படியே இருக்கட்டும் என்று முணுமுணுத்தார்.

அறிவுச்செல்வியின் குரல் நடுங்கவில்லை.

"முணுமுணுக்காதீங்க. பேப்பர்ல எழுதுங்க. இந்தத் தடத்துல ரெண்டு பேர் நடக்கறாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

11.05-க்கு அவள் வீட்டு வாசலில் நின்றாள். கதவு சாத்தியிருந்தது. இருபத்து மூன்று இரவுகள்... வளவனிடம் மட்டுமே சொல்லக்கூடியதையெல்லாம் அவள் யாரிடமோ சொல்லியிருந்தாள்.

கதவைத் தள்ளினாள்.

"யாரு நீ?"

உள்ளே கட்டில் ஒரு முறை கிரீச்சிட்டது. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தால் கேட்கிற சத்தம்.

"இது என்ற ஊடு" என்று சொல்லிவிட்டு அறிவுச்செல்வி உள்ளே போனாள்.